பபிள் டீயில் கிடக்கும் அந்தக் கறுப்பு உருண்டை நம்ம ஜவ்வரிசிதானா?

#1 கடைசி_பெஞ்ச் (சென்னை)
ஞாயிறு, இரவு 9:42

மக்களே, ஒரு வீட்டுப் பஞ்சாயத்து. பொண்ணுக்குப் பதினோரு வயசு. இன்னைக்கு ஒரு மாலுக்குக் கூட்டிட்டுப் போனா, "பபிள் டீ வாங்கித் தாப்பா"ன்னு ஒரே பிடிவாதம். வரிசையில நின்னு வாங்கினேன். 260 ரூபா. மூடிக்குப் பதிலா டம்ளர் வாயில பிளாஸ்டிக் தாளை ஒட்டி, நுனி சீவின மூங்கில் மாதிரி தடியா ஒரு ஸ்ட்ராவைக் குடுத்து "குத்துங்க சார்"ன்னாங்க. குத்தினேன். கால்வாசி சட்டைக்குப் போச்சு.

மீதியை ஒரு இழு இழுத்தா, நாவல்பழக் கொட்டை மாதிரி ஒண்ணு நேரா வந்து உள்நாக்குல மோதுது. மென்னு பார்த்தேன். வெளியில வழவழ, நடுவுல பச்சை மாவு. பொண்ணு என்னடான்னா, "இன்னைக்கு சரியா வேகலப்பா, போன தடவை அம்மாவோட வந்தப்ப சூப்பரா இருந்துச்சு"ன்னு பெரிய மனுஷி மாதிரி சொல்றா. போன தடவைன்னு ஒண்ணு இருந்ததே எனக்கு இப்பதான் தெரியும்.

அந்த உருண்டை என்னது, நம்ம ஜவ்வரிசியா? டீக்குள்ள அதைப் போடணும்னு யாருக்குத் தோணுச்சு? வீட்டுல செய்ய முடியுமா? மாசத்துக்கு நாலு தடவைன்னா என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

#2 ஃபில்டர்_காபி_கட்சி
ஞாயிறு, இரவு 9:58

டீயைக் குடிக்கணும். மெல்லக் கூடாது. இதுக்கு மேல சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்ல. (இழையைத் தொடர்றேன், சும்மாதான்.)

#3 சேலத்து_சேகோ
ஞாயிறு, இரவு 10:35

அண்ணே, பாதி ஆமா, பாதி இல்ல. கிழங்கு ஒண்ணுதான். எங்க பக்கம் குச்சிக்கிழங்கும்போம், நீங்க மரவள்ளின்னு சொல்றது. தைவான்ல உருட்டுறதும் அந்த ஸ்டார்ச்தான், எங்க ஊர்க் களத்துல வெயில்ல காயிறதும் அந்த ஸ்டார்ச்தான். தாத்தா காலத்துல இருந்து சேகோ (ஜவ்வரிசியைத்தான் அப்படிச் சொல்றோம்) பேக்டரிக்குக் கிழங்கு ஓட்டுற குடும்பம், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், பொறுத்துக்கோங்க.

கிழங்கு வந்து எறங்குனதும் கழுவித் தோல் உரிச்சு அரைப்பாங்க. அரைச்சதைத் தண்ணி விட்டுச் சலிச்சா வெள்ளையா இறங்கும், அதுக்குப் பேரே பால்தான். மிஞ்சுற சக்கை திப்பி, அது மாட்டுத் தீவனத்துக்குப் போயிடும். பாலைத் தொட்டியில விட்டுட்டு சில மணி நேரம் கழிச்சுப் பார்த்தா மாவு அடியில கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும். மேல் தண்ணியை வடிச்சிட்டு மாவை வெட்டி எடுத்து, உதுத்து, துணித் தொட்டில்ல போட்டு ஆட்டணும். பழைய காலத்து வேலை அது, இப்ப மிஷின். ஈர மாவு உரசி உரசித் தானே மணி மணியா உருண்டுக்கும், யாரும் கையால உருட்டுறதில்ல. அப்புறம் சல்லடை. எண்ணெய் தடவின சூட்டுத் தட்டுல ஒரு வறுவல். அப்புறம் களத்துல வெயில். வறுக்காம ஆவியில விட்டு எடுத்தா அது நைலான் ஜவ்வரிசி, கண்ணாடி மாதிரி இருக்குமே, அது.

பேரு ஒரு கூத்து. ஜவ்வரிசின்னா ஜாவா அரிசின்னு சொல்வாங்க. அசல் சாகோ ஒரு பனை வகை மரம். அந்த மரத்தண்டுக்குள்ள இருக்கிற சோத்துல இருந்து எடுக்கிற மாவு அது, கிழக்குத் தீவுகள்ல இருந்து கப்பல்ல வந்துட்டு இருந்துச்சு. ரெண்டாம் உலகப்போர்ல அந்த வரத்து நின்னுச்சு. 1943 வாக்குல சேலத்துல மரவள்ளி மாவுல அதே மாதிரி மணி பண்ணிப் பார்த்தாங்க, பிடிச்சுக்கிச்சு. பேரு சாகோவோடது, சரக்கு மரவள்ளியோடது. 1981-ல சேகோசர்வ் கூட்டுறவு வந்தது, 2023-ல சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. எங்க ஊர் பெருமையை நாங்க சொல்லாம வேற யாரு சொல்வா.

ஆனா நம்ம ஜவ்வரிசி மிளகு சைஸு. டீயில போடுற உருண்டை சுண்டைக்காய் சைஸு. வேகுற விதமே வேற. அதை விவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

#4 தைச்சுங்_வாசி
திங்கள், காலை 6:20

தைவானில் ஆராய்ச்சி மாணவன். தைச்சுங் நகரத்துக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. இந்தப் பானம் பிறந்த ஊர் என்று இங்கே சொல்லிக்கொள்வார்கள். தெற்கே தைனான் போனால் அங்கேயும் அதையே சொல்வார்கள். அந்தச் சண்டைக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பெயர். எல்லாரும் "பபிள்" என்றால் அந்த உருண்டை என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது நுரை. உருண்டைக்கு முன்னாலேயே இங்கே "பாவ்மோ ஹொங்சா" என்று ஒன்று இருந்தது. நுரைச் சிவப்புத் தேநீர் என்று அர்த்தம் (நாம் பிளாக் டீ என்பதை இவர்கள் சிவப்பு என்பார்கள், கண்ணாடியில் ஊற்றிப் பார்த்தால் அதுதான் சரி). டிகாக்‌ஷன், சர்க்கரைப் பாகு, பனிக்கட்டி மூன்றையும் மது கலக்குகிற ஷேக்கரில் போட்டு, தோள் வலிக்கக் குலுக்கி ஊற்றினால் மேலே விரற்கடை நுரை நிற்கும். தைனானில் 1949-லேயே, ஜப்பானிய மதுக்கடையில் பானம் கலக்கும் வேலை பார்த்த ஒருவர் அந்த ஷேக்கரைத் தேநீருக்குத் திருப்பிக் கடை போட்டார். சரக்குக்கு வந்த பாத்திரம் டீக்கு வந்தது.

பிறகு தைச்சுங். 1983-ல் லியூ ஹான்-ச்சியே என்பவர் இங்கே ஒரு தேநீர்க்கடை திறந்தார். இப்போது அதன் பெயர் சுன் ஷுய் தாங். ஜப்பானில் காபியைக் குளிரவைத்துக் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, தேநீரை ஏன் அப்படிக் கொடுக்கக்கூடாது என்று யோசித்தவர். சீனத் தேநீரென்றால் ஆவி பறக்கத்தான் குடிப்பது, அதனால் அன்றைக்கு அது கொஞ்சம் துணிச்சலான வேலை. 1980களின் கடைசியில் அதே கடையின் லின் ஷியூ-ஹுய் என்ற பெண்மணி, ஊழியர் கூட்டத்துக்கு வரும்போது ஃபென்யுவான் கொண்டு வந்திருந்தார். அது இந்த ஊர்த் தின்பண்டம்: மாவு உருண்டையைப் பாகில் வேகவைத்து, சீவின ஐஸோடு சாப்பிடுவது. கூட்டம் சலித்ததோ என்னமோ, அதை எடுத்துத் தன் ஐஸ் டீயில் கொட்டிக் குடித்துப் பார்த்தார். அது அசாம் டீ. பட்டியலில் சேர்த்தார்கள், மற்றதையெல்லாம் அது ஓரங்கட்டிவிட்டது.

இது தைச்சுங் கட்சி. தைனான் கட்சி வேறு: ஹான்லின் என்ற தேநீர்க்கடையின் தூ சோங்-ஹெ, 1986-ல் யாமுலியாவ் சந்தையில் விற்ற வெள்ளை ஃபென்யுவானைப் பார்த்து, பழைய ஞாபகத்தில் வாங்கி வந்து தேநீரில் போட்டார். வெள்ளையாக முத்துப்போல் இருந்ததால் முத்துத் தேநீர் என்று பெயர் வைத்தார் என்பார்கள். கறுப்பு நிறம் சர்க்கரைப் பாகால் பிற்பாடு வந்தது.

இரண்டு கடையும் கோர்ட்டுக்குப் போய்ப் பத்து வருஷம் இழுத்தன. 2019-ல் முடிந்தது. யாருக்கும் காப்புரிமை இல்லாத பானம், எந்தக் கடையும் போடலாம், யார் முதலில் போட்டார் என்று தீர்மானிக்க வேண்டிய அவசியமே இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் தனிப்பட்ட எண்ணம்: தெருவுக்குத் தெரு ஃபென்யுவானும் தெருவுக்குத் தெரு குளிர் தேநீரும் விற்ற ஊரில், ஒன்றை எடுத்து இன்னொன்றில் போட ஒருத்தருக்கு மட்டும்தான் தோன்றியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

கொசுறு: இங்கே இதன் பெயர் "சென்ஜு நாய்ச்சா". சென்ஜு முத்து, நாய் பால், சா தேநீர். வந்த முதல் வாரம் ரூம்மேட் "நாய்ச்சா குடிக்கிறாயா?" என்று கேட்டபோது நான் முழித்த முழி இருக்கிறதே.

#5 ஜூரோங்_அக்கா (சிங்கப்பூர்)
திங்கள், காலை 8:05

நாய்ச்சா!! ஆபீஸ் பஸ்ல படிச்சுட்டு சத்தமா சிரிச்சுட்டேன், பக்கத்து சீட் அங்கிள் முறைக்கிறார்.

நுரைன்னு சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது நம்ம தே தாரிக். இங்க தமிழ் முஸ்லிம் கடைகள்ல ரெண்டு மக்கை வச்சுக்கிட்டு ஒரு கை உயரத்துல இருந்து இழுப்பாங்களே, அதுவும் நுரைக்காகத்தான். ஊர்ல டீ ஆத்துறதும் அதே. அவங்க குலுக்கினாங்க, நாம ஆத்தினோம். நம்மது சூடு, அவங்களது ஐஸ், அவ்ளோதான்.

"சா", "தே" ரெண்டும் சீன ஊர்ச் சொல்தான் தெரியுமா? ஹொக்கியன்காரங்க "தே"ன்னாங்க, அதுல இருந்துதான் தேயிலை, டீ, தே தாரிக் எல்லாம். மத்த ஊர்ல "சா", அதுல இருந்து சாயா.

இங்க பபிள் டீ கிறுக்கைச் சொல்லி மாளாது. 2020 ஏப்ரல் 21, கொரோனா கட்டுப்பாட்டுல இன்னைக்கு ராத்திரியோட பானக் கடைகளையும் மூடணும்னு அறிவிச்சாங்க. அரிசி பருப்புக்கு நிக்கிற மாதிரி சனம் பபிள் டீக்கு நின்னுச்சு. நானும் நின்னேன், மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. ரெண்டு கப், ஒண்ணு பிரிட்ஜுக்கு. மறுநாள் எடுத்தா உருண்டை ரப்பர் அழிப்பான் மாதிரி கெட்டியாயிருச்சு. பிரிட்ஜுல வைக்காதீங்க. முதல் பாடம் அதான்.

#6 கடைசி_பெஞ்ச்
திங்கள், இரவு 10:11

தைச்சுங் தம்பி, சேலத்துத் தம்பி, ரெண்டு பேருக்கும் கும்பிடு. ஆனா நான் அவசரப்பட்டுட்டேன்.

சாயங்காலமே வீட்டுல இருந்த பாயச ஜவ்வரிசியை அரைக் கப் எடுத்து ஊற வச்சு, வேகவச்சு, வெல்லப் பாகுல போட்டு, ஆறின பால் டீயில கொட்டினேன். முதல் ரெண்டு நிமிஷம் பார்க்க நல்லா இருந்துச்சு. அப்புறம் டம்ளர் முழுக்க ஒரு கொழகொழப்பு. ஸ்ட்ராவுல இழுத்தா வரல. கடைசியில ஸ்பூன் போட்டு சாப்பிட்டோம். பொண்ணு சொன்னது: "அப்பா, இது டீ பாயசம்." மாமியார் மட்டும் நல்லா இருக்குன்னு இன்னொரு கிண்ணம் வாங்கினாங்க.

ஏன் இப்படி ஆச்சு?

#7 வேதியியல்_வாத்தி
செவ்வாய், காலை 7:30

நான் பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் எடுப்பவன், சமையல்காரன் அல்ல. ஆனால் மாவுச்சத்து என் பக்கத்துச் சங்கதி.

மாவுச்சத்து என்பது நுண்ணிய துகள். குளிர்ந்த தண்ணீரில் கரையாது, அடியில் படியும். சேலத்து நண்பர் சொன்ன தொட்டியில் மாவு கல்லாக உட்காருவது அதனால்தான். சூடு ஏறினால், மரவள்ளிக்கு ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரிக்குள், துகள் தண்ணீரைக் குடித்து வீங்கி உடைந்து கூழாகிறது. வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகிறதே, அந்தக் கணம்தான். உங்கள் பாயச ஜவ்வரிசி பேக்டரியில் வறுபட்டபோதே மேல்தோல் பாதி வெந்துவிட்டது. அதை ஊறவைத்து மறுபடி வேகவைத்தீர்கள். மணியும் சின்னது. மேற்பரப்பில் கரைந்த மாவெல்லாம் டீக்குள் இறங்கிக் கஞ்சி. பாயசத்துக்கு நமக்கு வேண்டியதே அந்தக் கொழகொழப்புதான், அது அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

தைவான் உருண்டை வேறு மாதிரி. பச்சை மாவில் ஒரு பங்கை மட்டும் கொதிக்கிற சர்க்கரைத் தண்ணீரில் கூழாக்கி, அதையே பசையாக வைத்து மீதி மாவைப் பிசைந்து உருட்டுவது. பெரிய உருண்டை, கொதிநீரில் விழுந்ததும் மேல்தோல் உடனே இறுகிவிடும், உள்ளே மெதுவாக வேகும். கடையில் வாங்கும் பாக்கெட் உருண்டையில் பெரும்பாலும் பதப்படுத்திய மாவும் குவார் பசையும் சேர்ந்திருக்கும். குவார் என்றால் வேறொன்றுமில்லை, நம் கொத்தவரை விதை.

உங்களுக்கு மாலில் நடுவில் பச்சை மாவு தட்டுப்பட்டது என்றால் ஒன்று வேகவைத்த நேரம் போதவில்லை, அல்லது அடுப்பை அணைத்தபின் மூடிவைத்து ஊறவிடவில்லை. ஜூரோங் அக்காவுக்கு ஆனது வேறு. வெந்த மாவு குளிர்ந்தால் மூலக்கூறுகள் மறுபடி நெருங்கி அடுக்கிக்கொண்டு தண்ணீரை வெளியே தள்ளும். நேற்றைய சோறு பிரிட்ஜில் விறைத்துப்போவதும் அதுவே. நல்ல கடைகளில் வெந்த உருண்டையைச் சில மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் கொட்டிவிடுவதற்குக் காரணம் இது.

#8 ஃபில்டர்_காபி_கட்சி
செவ்வாய், காலை 9:15

வாத்தியாரே, அப்ப கொட்டுற உருண்டைக்கும் சேர்த்துத்தான் 260 ரூபாயா?

#9 தேத்தண்ணி (ஸ்காபரோ)
செவ்வாய், இரவு 7:48

வணக்கம். இஞ்ச கனடாவில பபிள் டீ எண்டுதான் சொல்லுறது. மகள் கலிபோர்னியாவில படிக்கிறா, அங்க போபா எண்டால்தான் விளங்குமாம். போபாவுக்கு என்ன கருத்து எண்டு அவவிட்ட கேட்டன், சிரிச்சுப்போட்டு போனை வைச்சிட்டா. ஆரும் சொல்லுவியளே?

எங்கட அம்மா முதல்முதல் பாத்திட்டு, "உதென்ன, சவ்வரிசியைக் கறுப்பாக்கித் தேத்தண்ணிக்க போட்டு வைச்சிருக்கிறாங்கள்" எண்டா. பிறகு ருசி பிடிச்சிட்டுது. இப்ப கோயிலுக்குப் போட்டு வரேக்க "அந்தக் கடைப்பக்கம் ஒருக்கா திருப்பு" எண்டுவா. பல்லுக் கட்டின ஆள். எப்பிடிச் சப்புறா எண்டு நான் கேக்கிறேல்லை.

#10 தைச்சுங்_வாசி
செவ்வாய், இரவு 11:02

தேத்தண்ணி அண்ணா, உங்கள் மகள் சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. போபா என்பது பெரிய மார்பைக் குறிக்கும் கொச்சைச் சொல், ஹாங்காங் பக்கத்திலிருந்து வந்தது. 1980களில் அங்கே ஒரு நடிகைக்கு அதுவே பட்டப்பெயர். சின்ன உருண்டைக்கு முத்து என்றிருந்தபோது, பெரிய உருண்டை போட்ட யாரோ விளம்பரத்துக்காக அந்தப் பெயரை வைத்தார்கள். இன்றைக்கு அமெரிக்காவில் குழந்தைகள் கூடச் சொல்கிறார்கள், யாருக்கும் மூலம் ஞாபகமில்லை.

கடைசி_பெஞ்ச் அண்ணா, டீ பாயசம் கேட்டு வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் இந்தப் பானத்தில் உருண்டைக்குச் சுவையே கிடையாது, கவனித்தீர்களா? பாகில் ஊறின இனிப்பு மட்டும்தான். அது பல்லுக்காகப் போட்டது. இங்கே அந்தப் பதத்துக்கு "கியூகியூ" என்று சொல்வார்கள். அழுத்தினால் அமுங்கணும், விட்டால் எழும்பணும், பல்லில் ஒட்டக்கூடாது. மீன் உருண்டைக்கும் நூடுல்ஸுக்கும் அதே சொல்தான். நம் ஊரில் இட்லி பூ மாதிரி இருக்கணும் என்போமே, இவர்களுக்கு அதற்கு நேரெதிர்.

மற்ற சாமான்கள் எளிது. தேயிலை: பழைய பாணிக்குக் கடுமையான சிவப்புத் தேயிலை, அசாம் வகை. ஜப்பானியர் ஆட்சியில், 1920களில், சன் மூன் ஏரிப் பக்கம் அசாம் செடியைக் கொண்டுவந்து நட்டார்கள், இன்னும் விளைகிறது. அப்புறம் சர்க்கரை, ஐஸ். பால்தான் ஆச்சரியம். பெரும்பாலான பழைய கடைகளில் பாலே கிடையாது, கிரீமர் பவுடர்! தாவர எண்ணெய், குளுக்கோஸ் பாகு, பால் புரதம் எல்லாம் சேர்ந்த தூள். சூடான டிகாக்‌ஷனில் கலக்கினால் தண்ணீர் சேராமலே கெட்டியாகும், பின்னால் ஐஸ் போட்டாலும் ருசி நீர்த்துப்போகாது. அசல் பால் ஊற்றினது வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பெயர், "ஷியன் நாய்ச்சா", விலையும் கூட. 2017-ல் எங்கள் தைச்சுங்கிலிருந்து கிளம்பின டைகர் ஷுகர் என்ற கடையின் வகையில் பாலும் கருஞ்சர்க்கரைப் பாகும் உருண்டையும் மட்டும்தான், தேயிலையே இல்லை. கப்பின் உட்சுவரில் பாகு வழிந்து புலி வரி மாதிரி இருக்கும். படம் எடுக்க அழகு. ஆனால் அதை டீ என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வாத்தியார் ஐயாவின் விளக்கத்தை ரூம்மேட்டுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். உங்களுக்கு ஒரு நாய்ச்சா வாங்கித் தருகிறானாம்.

#11 ரெண்டு_வாலு_அம்மா (மதுரை)
புதன், காலை 11:20

எல்லாரும் ருசியைப் பத்தியே பேசுறீங்க. இது பிளாஸ்டிக்குன்னு வாட்ஸப்புல வருதே, அது நெசமா? சின்னவனுக்கு நாலு வயசு, அக்கா குடிக்கிறதைப் பார்த்து அழுறான். குடுக்கலாமா?

#12 ஜூரோங்_அக்கா
புதன், மதியம் 1:04

நாலு வயசுக்கா? வேண்டவே வேண்டாம்மா. பிளாஸ்டிக்குக்காகச் சொல்லல, உருண்டைக்காகச் சொல்றேன். தடி ஸ்ட்ராவுல வேகமா இழுக்கிறப்ப அது நேரா தொண்டைக்கு வரும். சின்னப் பிள்ளைக்கு மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். 2012-லயே ஜெர்மனியில உணவுப் பாதுகாப்பு பாக்குற அரசு நிறுவனம் இதைச் சொல்லி எச்சரிச்சிருக்கு. அழுதா அழட்டும், இல்ல உருண்டை இல்லாத பால் ரெண்டு வாய் குடுங்க.

சீனி இன்னொரு பிரச்சனை. இங்க 2023 கடைசியில இருந்து கடையில கலக்குற பானத்துக்கும் நியூட்ரி-கிரேடு எழுத்து வந்துருச்சு (ஏ-ல இருந்து டி வரைக்கும், டி-தான் மோசம்). 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல சீனின்னா டி. கடையில சீனி அளவை நாமளே சொல்லலாம்: முழுசு, 70, 50, 30, ஒண்ணும் வேண்டாம். நான் 30-ன்னுதான் சொல்வேன். ஆனா உருண்டை ஏற்கெனவே பாகுல ஊறினது, அதுக்கு யாரு பர்சென்ட் போடுறது? நாமளே நம்மளை ஏமாத்திக்கிறதுதான்.

#13 வேதியியல்_வாத்தி
புதன், மாலை 5:40

பிளாஸ்டிக் அல்ல, அம்மா. மரவள்ளி மாவுதான். வதந்திக்கு ஒரு வேர் இருக்கலாம்: 2013-ல் தைவானில் சில மாவுப் பொருள்களில், இந்த முத்துகள் உட்பட, உணவுக்கு அனுமதியில்லாத மேலிக் அமிலம் கலந்த மாவு பிடிபட்டது. இழுவைப் பதத்துக்காகச் சேர்த்திருக்கிறார்கள். கடைகளிலிருந்து சரக்கைத் திரும்ப எடுத்தார்கள். ஒரு கலப்படம் செய்தியானால் பத்து வருஷத்துக்கு வாட்ஸப்பில் பிளாஸ்டிக்காக உருமாறி ஓடும்.

#14 மட்டுறுத்துநர்
புதன், இரவு 8:00

காபியா டீயா என்ற தனிச்சண்டைப் பதிவுகள் ஏழு நீக்கப்பட்டன. அதற்கென்று 2 வருடமாக ஓடும் இழை ஒன்று இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளவும்.

#15 கடைசி_பெஞ்ச்
வியாழன், இரவு 9:30

சரி, செய்முறையை யாராவது ஒழுங்காச் சொல்லுங்கப்பா. சனிக்கிழமை பொண்ணோட ரெண்டு பிரெண்ட்ஸ் வர்றாங்களாம். வாக்குக் குடுத்துட்டேன்.

#16 தைச்சுங்_வாசி
வெள்ளி, காலை 6:45

ரூம்மேட்டின் அம்மா செய்வதைப் பார்த்து நான் எழுதிவைத்தது இது.

மரவள்ளி ஸ்டார்ச் 100 கிராம். கருஞ்சர்க்கரை 50 கிராம், இல்லையென்றால் நாட்டுச் சர்க்கரை. தண்ணீர் 60 மில்லி. சர்க்கரையும் தண்ணீரும் தளதளவென்று கொதிக்கணும். அடுப்பைக் குறைத்து மாவில் மூன்றில் ஒரு பங்கைப் போட்டு வேகமாகக் கிண்டினால் பசையாகும். இறக்கிவிட்டு மீதி மாவைக் கொட்டி, கை பொறுக்கிற சூட்டில் பிசையுங்கள். ஆறவிட்டால் போச்சு. கயிறாகத் திரித்து, சுண்டைக்காய் அளவுக்கு வெட்டி உருட்டுங்கள். 8 மில்லிமீட்டர் இருந்தால் போதும், வெந்ததும் ஊதும். உலர் மாவில் புரட்டி வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டும்.

பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர், நன்றாகக் கொதித்தபின்தான் போடணும். மிதந்து வந்ததும் தீயைத் தணித்து 20 நிமிஷம். அணைத்து மூடி இன்னொரு 20 நிமிஷம். இந்த இரண்டாவது 20-ஐ யாரும் மதிப்பதில்லை, உங்கள் மாலில் விட்டது அதைத்தான். வடித்துப் பச்சைத்தண்ணீரில் ஒரு அலசு, உடனே பாகில். அன்றைக்கே சாப்பிட்டுவிடணும்.

#17 சேலத்து_சேகோ
வெள்ளி, காலை 8:10

அண்ணே ஒண்ணு. கடையில கேக்கும்போது "ஸ்டார்ச்"னு கேளுங்க. மரவள்ளி மாவுன்னு கேட்டா கிழங்கைக் காயவச்சு அப்படியே அரைச்சதைக் குடுத்துடுவான், அதுல நாரெல்லாம் இருக்கும், உருண்டை பொலபொலன்னு உதுந்துடும். நல்ல ஸ்டார்ச்சை விரல்ல நசுக்கினா பனியில நடக்குற மாதிரி நறநறன்னு ஒரு சத்தம் குடுக்கும். (பனியில நான் நடந்ததில்ல, படத்துல கேட்டதுதான்.)

#18 நாஞ்சில்_மரச்சீனி
வெள்ளி, மதியம் 12:25

எங்க ஊர்ல மரச்சீனின்னு சொல்லுவோம். கிழங்கு தென்னமெரிக்காவுல இருந்து வந்தது. 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர்ல மெனக்கெட்டுப் பரப்பினார், பஞ்சத்துல சனம் பிழைச்சது அதாலதான்னு பாட்டி சொல்லுவா. அவ்வளவு தூரம் வந்த கிழங்கை வேகவச்சு மீன்கறி ஊத்தித் தின்னாம, உருட்டி டீயில போட்டுக் குடிக்கிறீங்களே மக்கா.

ஆனா ஒரு யோசனை: நாட்டுச் சர்க்கரைக்குப் பதிலா கருப்பட்டி போட்டுப் பாருங்க. கறுப்பும் நல்லா ஏறும், மணமும் வரும்.

#19 கடைசி_பெஞ்ச்
சனி, இரவு 10:50

அறிக்கை.

முதல் சுற்று தோல்வி. பாகு சரியா கொதிக்கறதுக்குள்ள மாவைப் போட்டுட்டேன். அது ஒரு விநோத வஸ்து ஆயிடுச்சு. கையில இறுக்கிப் பிடிச்சா கல்லு, விட்டா விரலிடுக்குல தண்ணி மாதிரி ஒழுகுது. பொண்ணுங்க மூணு பேரும் அரை மணி நேரம் அதை வச்சே விளையாடினாங்க. மேடை, தரை, பூனை, எல்லாம் வெள்ளை.

ரெண்டாவது சுற்று கருப்பட்டி. நுரைச்சுப் பொங்குற வரைக்கும் கொதிக்க விட்டேன். மாவு பிசைஞ்சு வந்துச்சு! உருட்டுற வேலை மட்டும் முக்கால் மணி நேரம், நாலு பேர் உட்கார்ந்து. சீடை உருட்டின மாதிரியே இருந்துச்சு, மாமியார்தான் எல்லாரையும் விட வேகம். தண்ணியில போட்டதும் அடியில கிடந்து, அப்புறம் ஒண்ணொண்ணா மேல வருதே, அதைப் பார்க்கவே பொண்ணுங்க ஸ்டூல் போட்டு நின்னாங்க. தம்பி சொன்ன ரெண்டாவது 20 நிமிஷத்தை நான் கடிகாரத்தை வச்சு மதிச்சேன். நடுவுல வெள்ளைப் பொட்டே இல்ல. அழுத்தினா அமுங்குது, விட்டா எழும்புது. கியூகியூ.

ஷேக்கர் இல்ல, ஹார்லிக்ஸ் பாட்டில்ல ஐஸ் போட்டுக் குலுக்கினேன். நுரை வந்தது.

பொண்ணு குடிச்சுப் பார்த்துட்டுச் சொன்னா: "உருண்டை கடையை விட நல்லா இருக்குப்பா. டீதான் டீயாவே இல்ல."

#20 தேத்தண்ணி
சனி, இரவு 11:37

சாயம் காணாது அண்ணை. ஐஸ் உருகினா தண்ணியாப் போயிடும், அதால வழமையா போடுற தேயிலையில ரெண்டு மடங்கு போட்டு, ஏழு எட்டு நிமிசம் மூடி வைச்சு வடியுங்கோ. பால் பிறகு.

#21 கடைசி_பெஞ்ச்
சனி, இரவு 11:52

நாளைக்குக் காலையிலயே பாத்துடறேன். ஸ்டார்ச் இன்னும் முக்கால் கிலோ இருக்கு.